ஸ்டாண்டர்ட் ஹெரால்டா, பழைய மாருதியா? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பழைய கார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படும் தமிழ் நண்பர்கள் பலர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இன்னொன்று, 1983 கடைசியில் வந்த முதல் மாருதி 800. கார்ப் பிரியர்கள் எஸ்எஸ்80 என்று சொல்லும் பெட்டி வடிவ வண்டி அது. என்னிடம் 1964 மாடல் ஹெரால்டும் 1985 மாடல் மாருதியும் இருக்கின்றன. அல்சூரில் என் வீட்டு வாசலில் இரண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்துப் பலர் கேட்டதையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இருபது வருட இடைவெளி உள்ள இரண்டு கார்களை எப்படி ஒப்பிடுவது?

இரண்டும் ஒரே வேலைக்காகப் பிறந்தவை. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், டிக்கியில் ஒரு பெட்டி. எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹெரால்டில் 948 சிசி, நான்கு சிலிண்டர். மாருதியில் 796 சிசி, மூன்று சிலிண்டர். இரண்டுமே ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஆனால் ஹெரால்ட் சுமார் 800 கிலோ, மாருதி 700 கிலோவுக்கும் கீழே. ஹெரால்டில் தனி சேஸ் மீது உடம்பை போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள், ஓடுவது பின் சக்கரம். மாருதியில் உடம்பே சேஸ், ஓடுவது முன் சக்கரம். பலம் சமமாக இருப்பதால், இந்த இருபது வருடத்தில் காரைச் செய்யும் முறை எவ்வளவு மாறியது என்பதை இந்த ஜோடியில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஹெரால்ட் நிஜமாகவே நம் ஊர்க் காரா?

பிறப்பு இங்கிலாந்து, வளர்ப்பு சென்னை. ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் 1959இல் பிரிட்டனில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் டுரின் நகரத்தைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கலொட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் தனி சேஸைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. ஹெரால்ட் மட்டும் ஏன் பழைய முறைக்குத் திரும்பியது என்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை, போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து சேஸ் மீது பூட்டும் முறைக்குப் போனார்கள்.

அந்த நெருக்கடி நமக்கு வசதியாக அமைந்தது. பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டிலும் இந்தக் காரைத் தயாரிக்க முடிந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961இல் ஹெரால்டைத் தொடங்கி, வருடா வருடம் உள்நாட்டு பாகங்களைக் கூட்டிக்கொண்டே போனது. அறுபதுகளின் பின்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டை நம் நாட்டுக்கென்றே உருவாக்கினார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு கார் விற்கப்படவே இல்லை. 1971இல் அதையே மாற்றி கெஸல் என்று கொண்டுவந்தார்கள். அது 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் வந்தது. சென்னையில் ஒரு காலத்தில் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற கார் இது. அதனால் இதன் மேல் எனக்குப் பாசம் கூடுதல். கீழே சொல்லும் பதில்களில் அது தெரிந்தால் ஆச்சரியமில்லை.

எஸ்எஸ்80 என்பது எந்த மாருதி?

தெருவில் இன்றும் ஓடும், முனைகள் உருண்ட 800 அல்ல. அது 1986இல் வந்த அடுத்த வடிவம். அதற்கு முன்னால் மூன்று வருடம் போல மட்டும் வந்த, கோடு போட்டு வெட்டியது போன்ற வண்டிதான் எஸ்எஸ்80. ஜப்பானின் சுசுகி ஃப்ரான்டேதான் அதன் மூலம். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். விலை ரூ.47,500 என்று அறிவித்திருந்தார்கள். முன்பணமாக ரூ.10,000 கட்டி லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். 800 என்ற பெயர் 2014 ஜனவரி வரை நீடித்தாலும், முதல் வடிவம் கொஞ்ச காலமே வந்ததால் நல்ல நிலையில் உள்ளது இப்போது அபூர்வம்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்?

மாருதியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கிளட்ச் லேசு, கியர் லேசு, திருப்புவது லேசு. இன்று கார் ஓட்டத் தெரிந்த யாரும் ஓட்டிவிடலாம். கண்ணாடிகள் பெரியவை, தூண்கள் மெலிசு. சந்துக்குள் நுழைந்தால் நான்கு மூலையும் இருக்கையிலிருந்தே தெரியும்.

ஹெரால்ட் அப்படியில்லை. முதல் கியரில் சின்க்ரோ கிடையாது. அதாவது, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். நம் ஊரில் ஐம்பது அடிக்கு ஒரு ஹம்ப் இருக்கும்போது இது முக்கியமான விஷயம். ஹம்ப் ஏறும்போது இரண்டாவது கியரிலேயே மெதுவாக ஏற்றி இறக்கப் பழக வேண்டும். அது கைக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்கும். இந்த எஞ்சின் வேகத்துக்காகச் செய்ததில்லை, குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும்.

திரும்பும் வட்டம் ஹெரால்டின் பெரிய பெருமை. வெறும் 25 அடி. முன் சக்கரங்கள் நம்ப முடியாத அளவு மடங்கும். முன் சக்கரத்துக்கு எஞ்சின் பலம் போகவில்லை என்பதால்தான் அவ்வளவு மடக்க முடிகிறது. சிவாஜிநகர் பக்கம் ஒரு தெருவில் தவறாக நுழைந்துவிட்டால், மாருதியைப் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய இடத்தில் ஹெரால்ட் ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

இன்னொரு பக்கம் எச்சரிக்கை. ஹெரால்டின் பின் ஆக்சில் நடுவில் இரண்டாகப் பிரிந்து ஊசலாடும் வகை. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின் சக்கரம் உள்பக்கம் மடிந்து வண்டியின் பின்பகுதி வெளியே வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போக வேண்டும். கெஸலில் இந்த ஆக்சிலை எடுத்துவிட்டு ஒரே தண்டாக மாற்றினார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பழையது பிடிக்கவில்லை.

நந்தி மலை ஏறுமா?

இரண்டும் ஏறும். ஒன்று மனதில் இருக்கட்டும்: பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் பலம் இழக்கும். நம் 35 குதிரைகள் வீட்டு வாசலிலேயே 32 ஆகிவிடுகின்றன. நந்தி உச்சி 1,478 மீட்டர், அங்கே இன்னும் குறையும். சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். பிளக் கறுத்திருந்தால் அதுதான் காரணம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சில்க் போர்டு நெரிசலில் சூடாகிவிடாதா?

ஹெரால்டில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். வண்டி நின்றால் எஞ்சின் மெதுவாகும், ஃபேனும் மெதுவாகும், சூடு ஏறும். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே படிந்த உப்பை முழுதாக எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பெங்களூரில் பல வருடம் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் குழாய்கள் அடைத்திருக்கும். கூலன்ட்டோடு வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் சூடானால் சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை வைக்கலாம், துளை போடாமல் வைக்கும் வழி இருக்கிறது. மாருதியில் எலெக்ட்ரிக் ஃபேன் கம்பெனியிலேயே உண்டு. அதன் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும்.

எதற்கு உதிரி பாகம் கிடைக்கும்?

எல்லோரும் ‘மாருதிக்குத்தான்’ என்று சட்டென்று சொல்வார்கள். பாதிதான் சரி.

எஸ்எஸ்80இன் எஞ்சினும் அதற்குப் பிறகு வந்த 800, ஆம்னி எஞ்சின்களும் ஒரே குடும்பம். ஜே.சி. ரோட்டில் இறங்கி நடந்தால் பெரும்பாலான எஞ்சின் சாமான் சாயங்காலத்துக்குள் கையில் வந்துவிடும். ஆனால் உடம்பு வேறு. முன் கிரில், விளக்குக் கண்ணாடி, டேஷ்போர்டு, கதவு ரப்பர் எதுவும் பின்னால் வந்த 800இலிருந்து பொருந்தாது. டேஷ்போர்டு வெயிலில் வெடித்திருந்தால் இன்னொரு எஸ்எஸ்80ஐத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஹெரால்டுக்கு ஜே.சி. ரோட்டில் அதிகம் கிடைக்காது. ஆனால் பிரிட்டனில் ட்ரையம்ப் கார்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. பிஸ்டன், பேரிங், பிரேக் சிலிண்டர், ரப்பர் புஷ் என்று இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். இதே எஞ்சின் குடும்பம்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரிலும் இருந்தது என்பதால் தேவை குறையவில்லை. சுங்கவரியும் தபால் செலவும் சேர்ந்தால் விலை கடிக்கும், ஆனால் பொருள் உண்டு. மின்சாமான்களை நம் ஊரிலேயே பிரித்துக் கட்டித் தரும் பழைய கைகள் கலாசிபாளையம் பக்கம் இன்னும் இருக்கின்றன.

நான்கு கதவு ஹெரால்ட், கெஸல் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவற்றின் பின் கதவும் பின்பக்கக் கண்ணாடிகளும் இந்தியாவில் மட்டும் செய்தவை. அவை உடைந்தால் பிரிட்டன் உதவாது.

ஹெரால்ட் வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பேனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை செய்யலாம். இவ்வளவு திறந்த மனதோடு செய்த காரை நான் வேறு பார்த்ததில்லை. அந்த வசதியைப் பயன்படுத்தி நிதானமாகப் பாருங்கள்.

முதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். பித்தளைத் துண்டு ஒன்றுக்குள் இரும்புத் தண்டு திருகி நிற்கும் இடம் அது. அதற்கு கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். நம் ஊர் சர்வீஸ் நிலையங்களில் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பதுதான் வழக்கம். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல், தண்ணீர் இறங்கி, தண்டு துருவேறி ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். வாங்கிய அன்றே கழற்றிப் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால், கிராங்க்கை அப்படி நகரவிடாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில் விழும். பிறகு கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து கெடும்.

பிறகு சேஸ். வண்டிக்கு அடியில் படுத்து, பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் கேளுங்கள். டிங்கர் வேலை செய்து புது பெயின்ட் அடித்த வண்டியை மேலே பார்த்து மயங்க வேண்டாம். கதவு இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் சேஸ் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடம்பு முழுக்க போல்ட்டில் நிற்பதால் மற்ற எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். சேஸ் போனால்தான் கஷ்டம்.

எஸ்எஸ்80இல்?

துரு, துரு, துரு. தகடு மெலிசு. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடிப்பக்கம், முன் கண்ணாடியின் ஓரம், முன் ஸ்ட்ரட் பூட்டிய இடம். சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் இருந்த வண்டியானால் இன்னும் கூர்ந்து பாருங்கள். இங்கே உடம்பே சேஸ் என்பதால் அந்த இடங்களில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாது. முழுதாகத் திருப்பி ஓட்டும்போது முன் சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் மாற்ற வேண்டும், அது சின்ன வேலை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள். ஹெரால்டில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? விண்டேஜ் பதிவு செய்யலாமா?

தில்லியில் 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் வரை உறுதியான தடை, அங்குள்ள நண்பர்களைப் படுத்தி எடுத்தது. பெங்களூரில் அப்படி வயதுத் தடை இல்லை. 15 வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025இல் ரூ.10,000 ஆக்கியது. மாநிலத்தின் பசுமை வரி தனி.

விண்டேஜ் பதிவு 2021இல் வந்த மத்திய விதி. 50 வருடத்துக்கு மேற்பட்ட, மூல அமைப்பு மாறாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் ரூ.20,000, பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க ரூ.5,000. இதன்படி என் ஹெரால்டுக்குத் தகுதி உண்டு, மாருதி 2035 வரை காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் நான் ஹெரால்டை விண்டேஜுக்கு மாற்றவில்லை. அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக முடியாத கார் எனக்கு வேண்டாம். ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதாரண ஆர்.சி.யையே காலாவதியாகாமல் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. செத்துப்போன வண்டியை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியை இங்கே வைத்துக்கொள்ளலாமா?

12 மாதத்துக்கு மேல் என்றால் அங்கே என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இரண்டுக்குமே கவனம் வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களை முழுதாக மாற்றிவிடுங்கள். அது பெரிய செலவில்லை, ஆனால் தீ விபத்தைத் தடுக்கும். மாதக் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கில் பெட்ரோல் விட்டு வைக்காதீர்கள்.

ஹெரால்டுக்கு இன்னொன்று. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இரும்பு ஹெட் அது. 2000இலேயே ஈயம் நின்றுவிட்டது, ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் தேயும். ஹெட்டைக் கழற்றும் சமயம் வரும்போது, கடினமான வால்வு சீட் வைத்துத் தரச் சொல்லி லேத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஏ.சி. பொருத்தலாமா?

ஹெரால்டில் வேண்டாம். 32 குதிரையில் நான்கை ஏ.சி.க்குக் கொடுத்தால் மேம்பாலம் ஏறாது. பெங்களூருக்குக் கண்ணாடியை இறக்கினால் போதும்.

குழந்தைகளை வைத்து ஓட்டலாமா?

காலையில், நகருக்குள், மெதுவாக என்றால் சரி. ஒசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வேண்டாம். இரண்டிலும் ஏர்பேக் இல்லை; மோதலைத் தாங்கும் விஷயத்தில் இன்றைய சின்ன காரின் பக்கத்தில்கூட இவை நிற்க முடியாது. ஹெரால்டுக்கு சீட் பெல்ட் பொருத்தும்போது வெறும் தகட்டில் பூட்டாமல், அடியில் கனமான இரும்புத் துண்டு வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். டைனமோ மெதுவான ஓட்டத்தில் சரியாக சார்ஜ் செய்யாது, விளக்கு மங்கும். அதனால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவது என் வழக்கம்.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும். எது?

முதல் பழைய கார் என்றால், தினமும் கொஞ்சம் ஓட்ட ஆசை என்றால், மாருதி. துருவில்லாத ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். உங்கள் தெரு மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

கையில் கிரீஸ் படுவது பிடிக்கும், ஒரு நட்டைக் கழற்றி அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கப் பிடிக்கும் என்றால் ஹெரால்ட். அதைச் செய்தவர்கள், பிரித்துப் பார்ப்பதற்கென்றே செய்திருக்கிறார்கள். மாருதியை, வாங்குபவர் பேனட்டையே திறக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் செய்தார்கள். அதனால்தான் நாடே அதை வாங்கியது, அது நியாயம்தான். ஆனால் ஒரு காரை உள்ளும் புறமும் தெரிந்துகொள்ளும் சந்தோஷம் ஹெரால்டில்தான் கிடைக்கும்.

பெரியப்பாவின் ஹெரால்ட் பல வருடமாக ஒசூரில் வீட்டுப் பின்னால் நிற்கிறது. எப்படி உயிர் கொடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாமல் கேட்டதற்கே நன்றி, தம்பி. முதல் வேலை, பேட்டரி மாட்டி செல்ஃப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குவது. பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பானர் போட்டுக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பாதி வெற்றி. அசையவில்லை என்றால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. சுற்ற ஆரம்பித்ததும் பழைய எஞ்சின் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். டேங்க்கைக் கழற்றி உள்ளே உள்ள பிசினை எடுங்கள், முதல் ஓட்டத்துக்கு ஒரு சின்ன கேனிலிருந்து நேராக கார்புரேட்டருக்கு பெட்ரோல் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வையுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற சந்தோஷத்தில் தெருவில் இறக்கிவிடாதீர்கள். நான்கு சக்கரத்து பிரேக் சிலிண்டர்களிலும் ரப்பர் இறுகியிருக்கும், மாஸ்டர் சிலிண்டரிலும்தான். ஹோஸ், ரப்பர், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும். 13 அங்குலம், கிடைப்பது கஷ்டமில்லை. ட்ரன்னியனில் இபி 90. பெரியப்பா பெயரில் உள்ள ஆர்.சி. புக்கை வீட்டு பீரோவில் இப்போதே தேடி எடுத்து வையுங்கள், வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றம் செய்யத்தான் எஞ்சின் வேலையைவிட அதிக நாள் ஆகும்.